பாதிப் பொட்டு வைத்த பாயிண்ட்

2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. சித்தேரி மலையில் நெல்லிக்குழி என்ற சிற்றூரிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் மண்பாதையின் மூன்றாவது வளைவில் ஒரு பெட்ரோல் ஜீப் நின்றுபோனது. பிறகு பின்னோக்கி உருண்டு நாற்பதடிப் பள்ளத்தில் விழுந்தது. வண்டியை ஓட்டிவந்து இறங்கி நின்ற மல்லையன், வயது 51, சக்கரத்தில் சிக்கி அதோடு பள்ளத்துக்கு இழுபட்டு இறந்தார். பிரசவ வலியோடு பின்னால் படுத்திருந்த பாஞ்சாலி, வயது 23, பள்ளத்தில் இறந்தார். உடன் வந்த பாஞ்சாலியின் தாய் நஞ்சம்மாள் இடுப்பெலும்பு முறிந்து உயிர் பிழைத்தார். வண்டி நின்றது, டிரைவர் இறங்கினார் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ஏழு நாள் கழித்து அந்த ஜீப், மலையடிவாரக் காவல் நிலையத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கூரை நசுங்கிச் சாய்ந்து நின்றது. சகாயமேரி அதை இரண்டு முறை சுற்றி வந்தார். பதினான்கு ஆண்டுகள் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்துவிட்டு, இப்போது தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். அவருடைய உதவியாளர் முனியப்பன் முப்பத்து நான்கு ஆண்டுகள் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சகாயமேரியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வீட்டில் பேச ஆளில்லாததால் வேலைக்கு வருவதாக அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

வழக்கு சுருக்கமானது. விபத்துக்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, பாப்பிரெட்டிப்பட்டி மெக்கானிக் சின்னராஜ் அந்த ஜீப்புக்குப் புதுப் பாயிண்ட் மாட்டியிருந்தார். விழுந்த வண்டியில் இருந்த பாயிண்ட் பாதி தேய்ந்திருந்தது. மூன்று நாளில் பாதி தேய்கிற பாகம் போலிதான் என்று வாகன ஆய்வாளர் எழுதிக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த வண்டியின் பானெட்டை யாருமே திறக்கவில்லை என்று மல்லையனின் மைத்துனர் திருமால் சாட்சி சொன்னார். தெரிந்தே போலியைப் போட்டு இரண்டு உயிரை வாங்கினார் என்று சின்னராஜ் மீது வழக்கு. கவனக்குறைவு என்ற சின்னப் பிரிவு இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பெரிய பிரிவு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சேலம் சிறையில் இருந்தார்.

ஜாமீன் மனு வரும் திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதற்குள் எதையாவது கொண்டுவராவிட்டால் எப்போது வெளியே வருவார் என்று தன்னால் சொல்ல முடியாது என வக்கீல் கைவிரித்துவிட்டார். சின்னராஜின் மனைவி கலைச்செல்வி, தையல் மிஷினை அடகு வைத்துவிட்டு சகாயமேரியைத் தேடி வந்தது அதன் பிறகுதான். இப்போது அவர் காவல் நிலையச் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

நீதிமன்ற அனுமதிக் கடிதத்தை ஏட்டு குமார் இரண்டு முறை படித்துவிட்டு, மூடியைத் திறந்து பார்க்கலாம், பாகம் எதையும் கழற்றக் கூடாது என்றார்.

பழைய பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியைக் கிளப்புவது பாயிண்ட் என்ற சிறு பாகம். ஒரு தகட்டின் மேல் இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும். விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. முனைகளை விலக்குவது, சுழலும் தண்டின் மேல் உரசிக்கொண்டே இருக்கும் ஒரு கட்டை. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தக் கட்டை தேய்ந்தால் முனைகள் விலகாது. விலகாவிட்டால் பொறி இல்லை. வண்டி நிற்கும், அது எந்த இடமாக இருந்தாலும்.

சகாயமேரி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்புகளைத் தள்ளி, மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். கட்டை பாதி தேய்ந்திருந்தது. ஆய்வாளர் எழுதியதில் அதுவரை தவறில்லை. பாயிண்ட் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் திருகைப் பார்த்தபோது அவர் டார்ச்சை அசைக்காமல் பிடித்தார்.

திருகின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ இருந்தது. வட்டம் இல்லை. சரியாக அரை வட்டம்.

"கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டியிருக்கேன், பிரேக் இல்லாத வண்டி ஓட்டியிருக்கேன்," என்றார் முனியப்பன், எட்டிப் பார்த்து. "மேக்கப் போட்ட வண்டிய இப்பத்தான் பாக்கறேன் மேரிம்மா."

சகாயமேரி சுற்றுச்சுவருக்குப் போய்க் கலைச்செல்வியிடம் நிறத்தைச் சொல்லிக் கேட்டார். கலைச்செல்விக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய நகப்பூச்சு. நாத்தனார் மகள் காதுகுத்துக்கு வாங்கியது. இரண்டு தடவைகூடப் போடவில்லை, புட்டி பட்டறைக்குப் போய்விட்டது. மலை டிரைவர்கள் தாங்களே எதையாவது திருகிவிட்டு, வண்டி சரியில்லை என்று சின்னராஜிடம் சண்டைக்கு வருவார்களாம். அதனால் பாயிண்ட் மாட்டி இடைவெளி சரிபார்த்ததும், திருகிலும் தகட்டிலும் சேர்த்துப் படும்படி ஒரு பொட்டு வைத்துவிடுவார். யாராவது திருகினால் பொட்டு உடைந்துவிடும்.

"நெத்திக்கு வைக்கறதுக்கு முந்தி வண்டிக்கு வைப்பாரும்மா," என்றார் கலைச்செல்வி. "அத எதுக்குக் கேக்கறீங்க?"

"பாதி திருகுல இருக்கு. மீதிப் பாதி தகட்டுல இருக்கணும். இந்தத் தகட்டுல இல்ல."

கலைச்செல்விக்கு உடனே புரியவில்லை. முனியப்பனுக்குப் புரிந்தது. திருகு வண்டியோடு இருப்பது. பாயிண்ட் வந்து போவது. சின்னராஜ் மாட்டிய பாயிண்ட் இது இல்லை. மாட்டியதை யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்து, அதே திருகைப் போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதிப் பொட்டோடு அது எங்கேயோ இருக்கிறது.

இதை இப்படியே நீதிபதியிடம் சொன்னால் போதாதா என்று கலைச்செல்வி கேட்டார். போதாது என்றார் சகாயமேரி. திருகில் ஒட்டிய அரை வட்டச் சாயத்தை அழுக்கு என்பார்கள், பழைய வேலை என்பார்கள். மற்றப் பாதி வேண்டும்.

கிளம்புமுன் அவர் மல்லையனின் உடலோடு கிடைத்த பொருட்களின் பட்டியலைக் கேட்டார். ஏட்டு குமார் படித்தார். ஒரு சீப்பு, ஒரு துண்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஓட்டுநர் உரிமம். வலது கையில் ஒரு தீப்பெட்டி.

"பையிலயா, கையிலயா?"

"கையிலதாங்க. நசுங்கிப் போயி."

பாலித்தீன் உறைக்குள் இருந்ததைக் காட்டினார். குச்சிகள் நிறைய இருந்தன. பெட்டியின் ஒரு பக்கத்து மருந்துப் பட்டை மட்டும் வெள்ளைத் தாள் தெரிகிற அளவுக்கு உரசப்பட்டிருந்தது. பீடி ஏதும் கிடைத்ததா என்று சகாயமேரி கேட்டார். பட்டியலில் இல்லை.

"பீடி தீந்திருக்கும், பெட்டி மிச்சமிருக்கும்," என்றார் முனியப்பன். "எனக்கு மாசக் கடைசியில அப்படித்தான்."

சகாயமேரி அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய கதிரவனின் கடையில் இருந்தார்கள். தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை. லாரி போகும்போதெல்லாம் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டுகள் ஆடின. சின்னராஜுக்குப் பாயிண்ட் விற்றவர் கதிரவன்தான். போலீஸ் ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்ததால் அவர் முகம் கொடுத்துப் பேசத் தயாராக இல்லை. சகாயமேரி எதையும் கேட்காமல் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கல்லா மேல் வைத்தார்.

கதிரவன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கிக்கொண்டே போனார்.

"இதையா போலின்னு எழுதினாங்க?"

"ஆமாங்க."

"இது போலி இல்லீங்க. கட்டையப் பாருங்க, காவி நெறத்துல அடுக்கு அடுக்கா தெரியுது. துணியும் பிசினும் வச்சு அமுக்கினது. ஒரிஜினல் கம்பெனி மால். ஆனா கிழடு. மூணு வருசமாவது ஓடியிருக்கும்."

"அப்ப என் ஜாதிதான்," என்றார் முனியப்பன். "போலி இல்ல, ரிட்டயர்டு."

கதிரவனுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு பேச்சும் வந்தது. கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தார். பெட்டியில் பெயர், எழுத்து, நிறம் எல்லாம் அசலைப் போலவே. உள்ளே இருந்த பாயிண்டின் கட்டை வெள்ளை பிளாஸ்டிக். ஒரு குண்டூசியை லைட்டரில் காட்டி அதன் மேல் வைத்தார். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. எஞ்சின் சூட்டுக்கே இது மெழுகாய் உருகும் என்றார். முனைகளும் அப்படித்தான், ஒரு மழைக்குக் களிம்பு பூத்துவிடும். நகரத்தில் கண்காட்சிக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும், வண்டி வருடத்தில் பத்து நாள் ஓடும். மலை ஏறுகிறவனுக்கு ஆகாது. ஆனாலும் அசல் வருவது நின்று நான்கு வருடம் ஆகிவிட்டது. எது அசல், எது போலி என்று சொல்லித்தான் விற்பதாகவும், தெரிந்தே போலியை வாங்கிப் போகிறவர்களே இப்போது அதிகம் என்றும் அவர் சொன்னார்.

கடையில் இருந்த கடைசி அசல் பாயிண்டை அக்டோபர் 14ஆம் தேதி சின்னராஜ் வாங்கிப் போயிருந்தார். இதோடு முடிந்தது என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

அந்த வாரம் வேறு யாராவது கேட்டு வந்தார்களா என்று சகாயமேரி கேட்டார். கதிரவன் கொஞ்சம் யோசித்தார். வந்தார்கள். 17ஆம் தேதி, வியாழக்கிழமை காலையில் ஒருவர். அசல் வேண்டும் என்றார். இல்லை என்றதும் பழைய பெட்டிகளைக் கிளறிப் பார்க்கச் சொல்லி அரை மணி நேரம் நின்றார். போலியைக் காட்டியபோது கையில் வாங்கவே இல்லை. ஆளைச் சரியாக நினைவில்லை. வண்டியின் சத்தம் நினைவிருந்தது.

"பெட்ரோல் ஜீப்புங்க. எல்லாரும் டீசல் எஞ்சின் மாத்திக்கிட்டாங்க. இந்தப் பக்கத்துல மாத்தாம ஓடறது ரெண்டே ரெண்டு. ரெண்டும் சித்தேரிதான்."

ஒன்று காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் நிற்கிறது. மற்றது, சாட்சி சொன்ன திருமாலுடையது.

வேனை ஓட்டிக்கொண்டே முனியப்பன் வழக்கை முடித்துவிட்டார். திருமாலுக்கு நல்ல பாயிண்ட் வேண்டும், கடையில் கிடைக்கவில்லை. மச்சான் வண்டியில் புதிதாக மாட்டியிருப்பது தெரியும். ஊருக்குப் போய்க் கழற்றிக்கொண்டு பழையதைச் செருகிவிட்டார். மச்சான் செத்ததும் பயந்துபோய், பானெட்டை யாரும் திறக்கவில்லை என்று மெக்கானிக் தலையில் கட்டிவிட்டார். நகப்பூச்சைத் தேடி மலை ஏறுவதற்குப் பதில் நேராக ஏட்டைக் கூட்டிப்போய்விடலாம் என்றார்.

"எல்லாம் ஒட்டுது அண்ணே. தீப்பெட்டி மட்டும் ஒட்ட மாட்டேங்குது," என்றார் சகாயமேரி.

பாப்பிரெட்டிப்பட்டியில் டீ குடித்துவிட்டு மலை ஏறினார்கள். தார்ச்சாலை முடிந்த இடத்தில் வேனை நிறுத்திவிட்டு மண்பாதையில் இறங்கினார்கள். நெல்லிக்குழி பள்ளத்தில் இருந்தது. ஊரிலிருந்து வெளியே வர வேண்டுமானால் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். கைப்பேசியில் சிக்னல் இரண்டு கோட்டிலிருந்து ஒன்றாகி, பிறகு இல்லாமல் போனது. மூன்றாவது வளைவில் எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல், மண்ணை உழுதுகொண்டு போய் விளிம்பில் நின்றிருந்தது. முனியப்பன் அங்கிருந்து கீழே பார்த்தார்.

திருமாலின் ஜீப் பலாமரத்தடியில் நின்றது. திருமாலுக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும். அடுத்த வீடு மல்லையனுடையது. அதன் வாசலில் திருமாலின் தங்கையும் மல்லையனின் மனைவியுமான கருப்பி, சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை.

சகாயமேரி தான் யார் என்பதை மறைக்காமல் சொன்னார். மெக்கானிக் வீட்டம்மா அனுப்பி வந்திருக்கிறேன், உங்கள் வண்டியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்றார். திருமால் எதற்கு என்று கேட்கவில்லை. அதைச் சகாயமேரி கவனித்தார். அவரே போய் பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

முனியப்பன் மூடியைக் கழற்றினார். கட்டை காவி நிறத்தில், அடுக்கடுக்காக, கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது. திருகு வெறுமையாக இருந்தது. தகட்டின் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் அரை வட்டம்.

சகாயமேரி நான்கு படம் எடுத்தார். பிறகு இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"பொம்மிடில."

"எந்தக் கடையில?"

திருமால் பானெட் கம்பியைச் சரிசெய்தார். முனியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சகாயமேரியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இது செவ்வாய்க்கிழமை உங்க மச்சான் வண்டியில மாட்டினது," என்றார் சகாயமேரி. "திங்கட்கிழமை கோர்ட்ல இந்தப் படத்தக் குடுப்பேன். அது உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னும் எழுதணும். திருடினீங்கன்னு எழுதினா எல்லாரும் நம்புவாங்க. இவருகூட நம்பறாரு."

முனியப்பன் காலடி மண்ணைப் பார்த்தார்.

"ஆனா எனக்கு ஒரு சந்தேகம். மல்லையன் பீடி குடிப்பாரா?"

"தொட்டதில்ல," என்றார் கருப்பி. முறம் நின்றிருந்தது.

"அவரு கையில தீப்பெட்டி இருந்துச்சு. மருந்துப் பட்டை தேஞ்சு போயிருந்துச்சு. பாயிண்ட் முனையில கரி புடிச்சா டிரைவருங்க அதுலதான் ஒரசிச் சுத்தம் பண்ணுவாங்க. புதுப் பாயிண்ட் போட்டு மூணு நாளான ஆளுக்கு அது தேவப்படாது. திருட்டுப் போனவருக்குத் திருட்டுப் போனதே தெரியாது. பழசு மாட்டியிருக்குன்னு தெரிஞ்ச ஆளுதான் தீப்பெட்டியக் கையோட எடுத்துட்டுப் போவாரு. அவருக்குத் தெரியும். அவரே கழட்டிக் குடுத்தாரு. அப்புறம் எதுக்கு வாங்கினேன்னு சொல்றீங்க?"

திருமால் ஜீப்பின் மட்கார்டில் கை வைத்தார். கருப்பி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, பானெட்டுக்குள் பார்த்தார்.

"எங்கண்ணன் திருடல," என்றார். "இந்த ஊர்ல ரெண்டு வண்டி. நல்ல பாயிண்ட் எப்பவும் ஒண்ணுதான். நோயாளிய ஏத்தற வண்டிக்கு அது போவும். எறக்கி வுட்டுட்டு வந்ததும் திருப்பிக் குடுத்துரணும். நாலு வருசமா அப்படித்தான். ரெண்டு வண்டிக்காரங்களுக்கும் எனக்கும்தான் இது தெரியும்."

மீதியை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். புதன்கிழமை காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்தது. மல்லையன் காய்ச்சலில் படுத்திருந்ததால் திருமால் வண்டி எடுத்தார். மல்லையன் எழுந்து வந்து, முந்தின நாள் மாட்டிய புதுப் பாயிண்டைத் தன் கையால் கழற்றி அந்த வண்டிக்குப் போட்டார். பாம்பு கடித்தவர் தருமபுரியில் பிழைத்துக்கொண்டார். வியாழக்கிழமை மதியத்துக்குள் திருமால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெள்ளிக்கிழமை பாஞ்சாலிக்கு வலி எடுத்தது. பாஞ்சாலியின் கணவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்காகச் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு முன்னால் ஓடினார். கழற்றிப் போட்ட பழைய பாயிண்டைத் தேடி எடுத்து மல்லையன் தன் வண்டியில் மாட்டினார்.

"அரை மணி நேரம் பாத்தாரு, எங்கண்ணன் வண்டிச் சத்தம் கேக்குதான்னு. அந்தப் புள்ள கத்தறதுதான் கேட்டுச்சு. போயிட்டாரு."

சகாயமேரி திருமாலைப் பார்த்தார். திருமால் தரையைப் பார்த்தபடி பேசினார். புதிதாக ஒன்று வாங்கித் தானும் ஒரு நல்ல பாயிண்ட் வைத்துக்கொள்ளலாம் என்று வியாழக்கிழமை காலை அதியமான்கோட்டையில் கேட்டது உண்மை. கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பொம்மிடியில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏற்றச் சொன்னார்கள். ஒரு நடை என்று ஆரம்பித்தது வெள்ளிக்கிழமை மதியம்வரை போனது.

"வாடகைக்காக இல்லீங்க," என்றார். "வண்டி அப்படி ஓடுச்சு. நாலு வருசத்துல அந்த மாதிரி இழுத்ததில்ல. ஒரு தட்டு, உடனே ஸ்டார்ட்டு. கழட்டிக் குடுத்துட்டா மறுபடியும் தள்ளணும். இன்னொரு நாள் வச்சிருந்து குடுக்கலாம்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர் ஊருக்குத் திரும்பியபோது மூன்றாவது வளைவில் கூட்டம் நின்றது. பள்ளத்திலிருந்து இரண்டு உடல்களையும் மேலே தூக்கியவர்களில் அவரும் ஒருவர். போலீஸ் கேட்டபோது, பானெட்டை யாரும் திறக்கவில்லை என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதை மாற்ற முடியவில்லை.

கருப்பிக்கு அன்றே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று சகாயமேரி கேட்கவில்லை. கருப்பியே சொன்னார்.

"ஒருத்தரு போயிட்டாரு. இன்னொருத்தரையும் நானே புடிச்சுக் குடுக்கணுமா?" பிறகு கேட்டார்: "அந்த மெக்கானிக் உள்ள போயி எத்தன நாளாச்சு?"

"ஆறு நாள்."

கருப்பி வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது வேறு புடவை கட்டியிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"கோர்ட்டு எந்த ஊர்லன்னு சொல்லுங்க. நான் வந்து சொல்றேன். எங்கண்ணனும் வரும்."

திருமால் மறுக்கவில்லை. முனியப்பன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திரும்ப மாட்டி இரண்டு கிளிப்பையும் அழுத்தினார். திருடன் என்று நினைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று அவர் திருமாலிடம் சொன்னார். திருமால், திருடனாகவே இருந்திருக்கலாம் என்றார்.

ஏறும்போது சகாயமேரி முன்னால் நடந்தார். கருப்பி அவருக்குப் பின்னால், திருமால் இருபதடி தள்ளி. மூன்றாவது வளைவில் கருப்பி நிற்கவில்லை. தார்ச்சாலையை அடைந்ததும் முனியப்பன் வேன் கதவைத் திறந்துவிட்டு, திருமால் தன் பக்கத்தில் முன் சீட்டில் உட்காரலாம் என்றார்.

அக்டோபர் 28, திங்கட்கிழமை, கருப்பி, திருமால் இருவரின் வாக்குமூலமும் தருமபுரியில் பதிவானது. அன்று மாலை சின்னராஜுக்கு ஜாமீன் கிடைத்தது. மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சேலம் சிறையிலிருந்து வெளியே வந்தார். கலைச்செல்வி வாசலில் நின்றார். டிசம்பரில் சின்னராஜ் மீதான வழக்கு கைவிடப்பட்டது. பொய்ச் சாட்சி சொன்னதற்காகத் திருமால் மீது தனி வழக்குப் பதிவானது.

திருமாலின் ஜீப், அதிலிருந்த பாயிண்டோடு சான்றுப் பொருளாகப் பறிமுதல் செய்யப்பட்டு, மல்லையனின் ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டது. நவம்பர் 6ஆம் தேதி நெல்லிக்குழியில் வயிற்றுவலி கண்ட ஒரு முதியவரைப் போர்வையில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தார்ச்சாலையை அடைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது.